ஒரு கோடு சிக்னல்

வத்தல்மலைக்குப் போயிருந்தேன். தர்மபுரியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். இருபத்துச் சொச்சம் கொண்டை ஊசி வளைவுகள். மேலே காப்பி, மிளகு, சாமை, நல்ல காற்று. வளைவுக்கு வளைவு என் செல்போனில் சிக்னல் கோடுகள் உதிர்ந்துகொண்டே வந்தன. சரி, ரெண்டு நாள் நிம்மதி என்று பையில் போட்டுவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் வேடிக்கை பார்க்க ஒரு பாறைமேல் ஏறினேன். டேட்டா எங்கிருந்தோ எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான், பை உறும ஆரம்பித்தது. பதினேழு நோட்டிஃபிகேஷன்கள்! 'இன்னும் இரண்டே மணி நேரம்' என்று, நேற்றே முடிந்துபோன ஒரு தள்ளுபடி. 'பசிக்குதா?' என்று ஒரு சாப்பாட்டுக் கம்பெனி. நான் நின்ற இடத்துக்கு அவர்களால் ஒரு போண்டாகூடக் கொண்டுவர முடியாது.

கீழே டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவர். கையில் பட்டன் போன். அதற்கு டேட்டாவும் தெரியாது, ஆப்பும் தெரியாது. அதுவும் 'டொய்ங்' என்றது. எஸ்.எம்.எஸ். "என்னன்னு பாத்துச் சொல்லுங்க சார், பேரன் ஸ்கூலுக்குப் போயிட்டா எனக்கு யாரும் படிச்சுக் காட்ட மாட்டாங்க" என்று நீட்டினார். ஐந்து லட்சம் ரூபாய் கடன் தயாராக இருக்கிறதாம். ஆங்கிலத்தில்.

வியாபாரிகளுக்கு இன்று உங்கள் பாக்கெட்டுக்குள் நுழைய இந்த இரண்டு வழிகள் பிரதானம். எது சிறந்தது என்று மார்க்கெட்டிங் ஆசாமிகள் ஓயாமல் பட்டிமன்றம் நடத்துகிறார்கள். எஸ்.எம்.எஸ்.ஸை நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பேர் திறந்து படிக்கிறார்கள் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். நம்பாதீர்கள். எஸ்.எம்.எஸ். உங்கள் போனுக்கு வந்து சேர்ந்ததா என்றுதான் அனுப்பியவருக்குத் தெரியும். நீங்கள் படித்தீர்களா என்று சொல்லும் ஏற்பாடு அதில் கிடையாது. நோட்டிஃபிகேஷன் அப்படியல்ல. நீங்கள் தொட்டால், தொட்ட நேரம் உட்பட ஆப் போய்ச் சொல்லிவிடும்.

எஸ்.எம்.எஸ். மலையேறுவதற்குக் காரணம் எளிது. ஒரு கால் வருகிறது என்று போனுக்குத் தகவல் சொல்ல நெட்வொர்க் வைத்திருக்கும் சந்து வழியிலேயே அதுவும் வந்துவிடும். டேட்டா வேண்டாம், ஒரு கோடு சிக்னல் போதும். நோட்டிஃபிகேஷன் ஆப்பிள் அல்லது கூகுள் சர்வர் வழியாக, டேட்டாவில் வரவேண்டும். ஆப்பிள் இதை 2009இல் ஆரம்பித்தது, கூகுள் 2010இல். போன் தொடர்பில் இல்லாவிட்டால் கூகுள் நான்கு வாரம்வரை பத்திரமாக வைத்திருந்து கொடுக்கும். 'இரண்டு மணி நேரத்துக்குமேல் வைத்திருக்காதே' என்று அனுப்புகிறவர் சொல்லவும் வசதி உண்டு. சொல்வதில்லை. சோம்பேறித்தனம்தான், வேறென்ன? எஸ்.எம்.எஸ்.ஸுக்குத் தலைக்கு இத்தனை பைசா என்று அழவேண்டும். நோட்டிஃபிகேஷன் அனேகமாக இலவசம். என் பையில் பதினேழு உறுமியதன் ரகசியம் அந்த இலவசம்.

பாஷை விஷயம் இன்னும் சுவாரஸ்யம். ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் ஆங்கிலம் 160 எழுத்து கொள்ளும். தமிழ் என்றால் 70தான். அதிலும் 'வத்தல்மலை' நமக்கு ஆறெழுத்து, மெஷினுக்கு ஒன்பது. புள்ளிக்கும் ஐகாரக் கொம்புக்கும் தனித்தனி டிக்கெட்! 70ஐத் தாண்டினால் இரண்டு மெசேஜ் காசு. கம்பெனிகள் தமிழ் என்றால் தயங்குவதற்கு இது ஒரு காரணம். நோட்டிஃபிகேஷனில் இந்தக் கஞ்சத்தனம் தேவையில்லை, 4,000 பைட்டுக்குமேல் இடம் இருக்கிறது. ஆனால் அதில் வரும் தமிழைப் பாருங்கள்: 'உங்கள் வண்டி உங்களுக்காகக் காத்திருக்கிறது.' எந்த வண்டி? கடைசியில் பார்த்தால், வாங்காமல் விட்டுவந்த சட்டை! எஸ்.எம்.எஸ். ஆங்கிலத்தில் அதட்டுகிறது, நோட்டிஃபிகேஷன் மெஷின் தமிழில் கொஞ்சுகிறது. ரெண்டுமே எழுத்தில் பாஸ் மார்க் வாங்காது.

சட்டம் எஸ்.எம்.எஸ்.ஸைத்தான் கவனிக்கிறது. 1909க்குச் சொன்னால் விளம்பரம் நிற்கவேண்டும் என்பது டிராய் விதி. 2025 முதல் அனுப்புகிறவர் பெயரின் கடைசியில் ஓர் எழுத்தும் உண்டு: விளம்பரத்துக்கு 'பி', சேவைக்கு 'எஸ்', ஓ.டி.பி. போன்ற பரிவர்த்தனைக்கு 'டி', அரசாங்கத்துக்கு 'ஜி'. நோட்டிஃபிகேஷனை இந்த விதிகள் தொடுவதில்லை. நடுராத்திரியில்கூட எழுப்பலாம். ஆனால் பூட்டு உங்கள் கையில்: ஒரு அழுத்து அழுத்தி நிறுத்திவிடலாம், ஆப்பையே கடாசலாம். ஜவுளிக்கடை பில் போடும்போது கேட்டு வாங்கிய நம்பரை அப்படித் திரும்ப வாங்க முடியுமா?

என் கட்சி இதுதான்: கேட்டவனுக்கு மட்டும் நோட்டிஃபிகேஷன். போய்ச் சேர்ந்தே ஆகவேண்டிய சேதிக்கு எஸ்.எம்.எஸ். அதில் விளம்பரமே கூடாது. அதிகப்படி என்று தோன்றினால் பெரியவர் கதையின் மிச்சத்தையும் கேளுங்கள். அவர் போனில் படிக்காத மெசேஜ்கள் 39. கடன், ரம்மி, மனை விற்பனை, மறுபடி கடன். நடுவில், அதே ஆங்கிலத்தில், அவர் கணக்கு வைத்திருக்கும் வங்கியிலிருந்து ஒன்று: பயிர்க் கடன் தவணைத் தேதி. தேதி போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. சேதி என்னவோ ஒழுங்காகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. சொன்னதும் மனுஷர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "காலைல மொத பஸ்ஸுக்கே எறங்கிடறேன்" என்றார்.

கடைக்காரரிடம் ஒரு காகிதம் வாங்கி, அந்தக் கடைசி எழுத்துகளைப் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். இது 'பி', விளம்பரம், விட்டுத்தள்ளுங்கள். இது 'எஸ்', இதை மட்டும் உடனே யாரிடமாவது காட்டுங்கள்.

காகிதத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தார். போனில் உள்ள எழுத்தோடு ஒப்பிட்டார்.

"பாம்பு மாதிரி நெளிஞ்சிருந்தா காட்டணும். அப்படித்தானுங்களே?"