சைடு கொடுக்கிறவரைப் பாருங்கள்

என் சித்தப்பா இருபது வருஷம் லாரி ஓட்டியவர். கார் பந்தயத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் முன்னால் போகிற வண்டி முடியாமல் மெதுவாகிறதா, வேண்டுமென்றே மெதுவாகிறதா என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். 2002 மே 12, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஆஸ்திரியாவில் நடந்த ஃபார்முலா 1 பந்தயத்தை நான் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தபோது காபி டம்ளரோடு வந்து உட்கார்ந்தார். 71 சுற்றுப் பந்தயத்தில் அது கடைசிச் சுற்று. முன்னால் இரண்டு சிவப்பு ஃபெராரிகள். முதலில் பிரேசிலின் ரூபன்ஸ் பாரிக்கெல்லோ, அவருக்குப் பின்னால் ஜெர்மனியின் மைக்கேல் ஷூமாக்கர். முதல் இடத்திலிருந்து புறப்பட்டு, முன்னால் ஓடிக்கொண்டிருந்தவர் பாரிக்கெல்லோதான். கடைசி வளைவைத் தாண்டி, கோடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் அவருடைய கார் தளர்ந்தது. ஷூமாக்கர் தாண்டிப் போனார். வித்தியாசம் 0.182 விநாடி.

"சைடு குடுத்துட்டான்டா!" என்றார் சித்தப்பா. "குடுக்கிறவன் முன்னாடியே குடுக்க வேண்டியதுதானே? கோட்டுக்கிட்ட வந்தா குடுப்பான்?"

அணியின் ஆணை என்ற விஷயத்தை ரசிக்க வேண்டுமானால் அந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று எனக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று. அன்றைக்கு எல்லோரையும் போல நானும் கோபப்பட்டதோடு சரி.

முதலில் கணக்கு. ஃபார்முலா 1-இல் ஓர் அணிக்கு இரண்டு கார். ஓட்டுநருக்கு ஒரு பட்டம், அணிக்கு ஒரு பட்டம். இன்றைய விதிப்படி முதலிடத்துக்கு 25 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 18. இரண்டு காரும் முதல் இரண்டு இடங்களில் வந்தால் அணிக்கு 43. எந்தக் கார் முன்னால், எந்தக் கார் பின்னால் என்பதால் அந்த 43 மாறாது. ஓட்டுநருக்கோ அந்த ஏழு புள்ளிதான் வாழ்க்கை. தவிர, உலகத்தில் அவருடையதைப் போலவே ஒரு காரை வைத்திருப்பவர் ஒரே ஒருவர், பக்கத்து ஷெட்டில் இருக்கும் சக ஓட்டுநர். மற்றவர்களிடம் தோற்றால் காரின் மேல் பழி போடலாம். அவரிடம் தோற்றால் சொல்ல ஒரு சாக்கும் கிடையாது. சம்பளம் கொடுப்பவர், ரேடியோவில் வந்து அந்த ஆளுக்கே வழிவிடச் சொல்கிறார்.

நமக்கு இது புதிதல்ல. 2004-இல் முல்தான் கிரிக்கெட் டெஸ்டில் சச்சின் 194-இல் நிற்கும்போது, அணித்தலைவராக இருந்த திராவிட் டிக்ளேர் செய்தார். டீக்கடைகளில் அந்த வழக்கு இன்னும் தீர்ப்பாகவில்லை. ஆணை சரியா தவறா என்று கேட்டுக்கொண்டே இருந்தால் இருபது வருஷம் போய்விடும். அந்தக் கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு வேறொன்றைக் கேட்டுப் பாருங்கள்: இதற்கு விலை கொடுப்பது யார்?

ஆஸ்திரியாவுக்கே இதைப் போட்டுப் பார்க்கலாம். அந்த வருஷத்தின் முதல் ஐந்து பந்தயங்களில் நான்கை ஷூமாக்கர் ஏற்கெனவே வென்றிருந்தார். பட்டத்தை ஜூலையிலேயே முடித்தும்விட்டார். ஆஸ்திரியாவில் கிடைத்த அதிகப்படிப் புள்ளிகள் இல்லாவிட்டாலும் அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. தேவையில்லாதவருக்கு, தேவைப்பட்டவரிடமிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். அரங்கம் முழுக்க ஊளையும் விசிலும். மேடையில் ஷூமாக்கர் சங்கடப்பட்டு பாரிக்கெல்லோவை உச்சிப்படியில் ஏற்றிவிட்டு, கோப்பையையும் அவர் கையில் கொடுத்தார். சர்வதேச மோட்டார் சம்மேளனம் பத்து லட்சம் டாலர் அபராதம் போட்டது. எதற்கு என்று நினைக்கிறீர்கள்? ஆணைக்கு அல்ல, அன்றைக்கு அது குற்றமே இல்லை. பரிசளிப்பு மேடையில் இடம் மாறி நின்றதற்கு!

இப்போது சித்தப்பாவின் கேள்விக்கு வருவோம். பாரிக்கெல்லோ பத்துச் சுற்றுக்கு முன்பே ஏதோ ஒரு வளைவில் கொஞ்சம் அகலமாகப் போய், தவறு செய்தவர்போல விட்டிருக்கலாம். பாதிப் பேர் கவனித்திருக்கவே மாட்டார்கள். அவர் கோடு வரைக்கும் தன்னுடையதாகவே ஓட்டிக்கொண்டு வந்தார். உலகமே பார்க்கிற இடத்தில், யாருக்கும் சந்தேகம் வராதபடி காலை எடுத்தார். கீழ்ப்படிந்தார், ஆனால் கீழ்ப்படிவதை மறைக்க மறுத்தார். எனக்குத் தெரிந்து பந்தய வரலாற்றிலேயே சத்தமான மறுப்பு அந்தப் பணிவுதான். சைடு கொடுக்கிறவர் எங்கே, எப்போது, எப்படிக் கொடுக்கிறார் என்று பாருங்கள். ஆளைத் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது.

அடுத்தது காது. 2002 கூத்துக்குப் பிறகு, முடிவை மாற்றும் ஆணைகளுக்குத் தடை வந்தது. ஆணை நிற்கவில்லை, சங்கேதமாக மாறியது. 2010 ஜூலை 25, ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம். ஃபெராரியின் ஃபெலிப்பே மாஸா முன்னால், சக ஓட்டுநர் ஃபெர்னாண்டோ அலோன்ஸோ பின்னால். சரியாக ஒரு வருஷத்துக்கு முன்பு இதே தேதியில், ஹங்கேரியில், முன்னால் போன காரிலிருந்து கழன்ற ஸ்பிரிங் தலையில் அடித்து உயிர் பிழைத்து வந்தவர் மாஸா. அவருடைய இன்ஜினியர் ராப் ஸ்மெட்லி ரேடியோவில் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார்: ஃபெர்னாண்டோ உன்னைவிட வேகமாக இருக்கிறார், இந்தச் செய்தி புரிந்ததா என்று உறுதிசெய். வார்த்தையில் ஆணை இல்லை, எல்லாம் குரலில் இருந்தது. மாஸா விட்டுக்கொடுத்த பிறகு அதே குரல் மன்னிப்புக் கேட்டது. கர்ணனுக்குச் சாரதியாக வந்த சல்லியன் வழியெல்லாம் குத்திக்காட்டிக்கொண்டே வந்தான் என்பார்கள். இங்கே சாரதியே மனசு உடைந்துபோய்ப் பேசுகிறான். ஃபெராரிக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம், அடுத்த வருஷமே தடையை எடுத்துவிட்டார்கள். நல்ல வேளை என்பேன். அந்தத் தடை பொய் சொல்லக் கற்றுக்கொடுத்ததைத் தவிர வேறெதையும் சாதிக்கவில்லை.

ரேடியோவில் வராத ஆணையும் உண்டு. டயர் மாற்ற முதலில் யாரை உள்ளே கூப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். புது டயரோடு முதலில் வெளியே வருகிறவர் ஒன்றிரண்டு சுற்று பறப்பார். அதற்குள் மற்றவர் பழைய டயரில் தேய்ந்துகொண்டிருப்பார். வழக்கமாக முன்னால் இருப்பவருக்குத்தான் அந்தச் சலுகை. அது பின்னால் இருப்பவருக்குப் போனால், ஒரு வார்த்தை பேசாமல் இடம் மாற்றியாயிற்று. திரையின் ஓரத்தில் ஓடும் பெயர்ப் பட்டியலில் கண் வைத்தால் இது தெரியும், காரையே பார்த்துக்கொண்டிருந்தால் தெரியாது.

2013 மலேசியா பந்தயத்தில் பேச்செல்லாம் செபாஸ்டியன் வெட்டலைப் பற்றித்தான். இரண்டாம் எண் கார் முன்னால், ஒன்றாம் எண் கார் பின்னால் என்று பொருள்படும் 'மல்ட்டி 21' என்ற சங்கேதத்தை மீறி, சக ஓட்டுநர் மார்க் வெப்பரை முந்தி ஜெயித்தார். எனக்கு அதில் அவ்வளவு சுவாரஸ்யம் இல்லை. ஜெயிக்க வெறி பிடித்தவர் ஜெயித்தார், அவ்வளவுதான். நான் பார்த்தது அவர்களுக்குப் பின்னால் வந்தவரை. மெர்சிடிஸ் அணியின் நிக்கோ ராஸ்பெர்க், தன்னைவிட மெதுவாகப் போன சக ஓட்டுநர் லூயிஸ் ஹாமில்டன் பின்னாலேயே, முந்தட்டுமா என்று கேட்டுக் கேட்டு, வேண்டாம் என்றதும் நான்காவதாகவே வந்தார். மூன்றாவது படியில் நின்ற ஹாமில்டன், இங்கே நிக்கோதான் நின்றிருக்க வேண்டும் என்றார்.

எது ஆணை, எது மோசடி? விலையைக் கேட்டால் கோடு தானாகத் தெரியும். 2008 சிங்கப்பூரில் நெல்சன் பிக்கே ஜூனியர் 14-ஆவது சுற்றில் வேண்டுமென்றே சுவரில் மோதினார். பாதுகாப்புக் கார் வெளியே வந்தது, அன்றைக்கு அவருடைய அணித்தோழராக இருந்த அலோன்ஸோ வென்றார். அதுவரை முன்னால் ஓடிய மாஸா, அந்தக் குழப்பத்தில் பெட்ரோல் குழாயோடு பிட்டைவிட்டுக் கிளம்பி, 13-ஆவதாக முடித்தார். அந்த வருஷப் பட்டத்தை ஒரே புள்ளியில் இழந்தவரும் அவரே. அணிக்குள்ளே ஒருவர் கொடுத்து ஒருவர் வாங்குவது ஒரு கணக்கு. ஆட்டத்தில் இல்லாதவன் பையிலிருந்து எடுப்பது வேறு.

இதையெல்லாம் ஒரே பட்டத்தில் பார்க்க விரும்புகிறவர்கள் 1958-க்குப் போக வேண்டும். ஸ்டர்லிங் மாஸ், மைக் ஹாதர்ன், இருவருமே இங்கிலாந்துக்காரர்கள், பட்டத்துக்கு நேர்ப் போட்டி. போர்ச்சுகலின் போர்ட்டோ தெருக்களில் நடந்த பந்தயத்தில் மாஸ் வென்றார், ஹாதர்ன் இரண்டாவது. ஆனால் கடைசியில் கார் நின்றுபோக, ஹாதர்ன் அதை எதிர்த்திசையில் தள்ளிக் கிளப்பினார் என்று புகார். தகுதிநீக்கம் ஏறக்குறைய முடிவான நேரத்தில் ஒருவர் வந்து சாட்சி சொன்னார்: அவர் தள்ளியது பாதையில் அல்ல, நடைமேடையில், என் கண்ணால் பார்த்தேன். சாட்சி சொன்னவர் மாஸ். ஹாதர்னுக்கு அந்தப் பந்தயத்தின் ஏழு புள்ளி திரும்பக் கிடைத்தது.

கடைசிப் பந்தயம் காஸாபிளாங்காவில். மாஸ் முதலாவதாக வந்தார், அதிவேகச் சுற்றும் அவருடையதுதான். ஹாதர்ன் இரண்டாவதாக வந்தால் பட்டம் அவருக்கு. இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தவர் ஹாதர்னின் அணித்தோழர் ஃபில் ஹில். ஃபெராரி பிட்டிலிருந்து சைகை வந்தது, ஹில் சைடு கொடுத்தார். ஹாதர்ன் 42, மாஸ் 41. ஹில் விடாமல் இருந்திருந்தால் ஹாதர்னுக்கு 40. போர்ட்டோவில் மாஸ் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இன்னும் குறைவு. அந்த வருஷம் மாஸ் வென்றது நான்கு பந்தயம், ஹாதர்ன் வென்றது ஒன்றே ஒன்று. மாஸுக்குக் கடைசிவரை உலகப் பட்டம் கிடைக்கவே இல்லை.

2017 ஜூலை 30, ஹங்கேரி. சித்தப்பாவுக்கு அப்போது கண்ணில் புரை எடுத்திருந்தது, டிவிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பாதிப் பந்தயத்துக்கு மேல் வால்ட்டெரி போட்டாஸ், அணித்தோழர் ஹாமில்டனுக்கு வழிவிட்டார். முன்னால் போகும் ஃபெராரியைப் பிடித்துப் பார்க்கிறேன், முடியாவிட்டால் இடத்தைத் திருப்பித் தருகிறேன் என்பது பேச்சு. ஹாமில்டனால் முடியவில்லை. பட்டப் போட்டியில் அவர் அன்று காலை ஒரே ஒரு புள்ளிதான் பின்தங்கியிருந்தார். போட்டாஸோ ஏழு விநாடி பின்னால், அவர் முதுகிலேயே ரெட்புல் அணியின் வெர்ஸ்டாப்பன். திருப்பித் தராமல் போயிருந்தால் யாரும் பெரிதாகக் கேட்டிருக்க மாட்டார்கள்.

கடைசிச் சுற்றின் கடைசி வளைவில் ஹாமில்டன் கார் மெதுவானது. போட்டாஸ் முன்னே போனார். வெர்ஸ்டாப்பன் நுழைவதற்குள் ஹாமில்டன் மறுபடி மிதித்து நான்காவதாகக் கோட்டைத் தாண்டினார்.

"வண்டில ஏதாவது ரிப்பேரா?" என்றார் சித்தப்பா.

இல்லை, வாங்கின இடத்தைத் திருப்பிக் கொடுக்கிறார் என்றேன்.

"பின்னாடி ஒருத்தன் வர்றான். அவனும் புகுந்திருந்தா?"

போயிருக்கும், அஞ்சாவது இடம்தான் என்றேன்.

அதற்குள் டிவியில் ரீப்ளே ஓட ஆரம்பித்திருந்தது. சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்தார்.