கீழே வைப்பதற்கு ஓர் இடம்

போன மே மாதம் சென்னையிலிருந்து திருச்சிக்குக் காரில் போனோம். கியருக்கு முன்னால் இருக்கும் வயர்லெஸ் சார்ஜர் தட்டில் போனை வைத்தபோது 40 விழுக்காடு சார்ஜ் இருந்தது. விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி டீ குடிக்க இறங்கியபோது எடுத்துப் பார்த்தால் 44. கன்னத்தில் வைத்துப் பேச முடியாத அளவுக்குப் போன் சுட்டது. பின்சீட்டில் தம்பி மகன் கேபிளில் மாட்டியிருந்த போனோ எப்போதோ நிறைந்துவிட்டது. இந்தத் தட்டு இருக்கிற மாடல் என்பதற்காக நாங்கள் கூடுதலாகப் பணம் கொடுத்திருந்தோம். அன்றிலிருந்து இதைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

தட்டுக்கு அடியில் ஒரு செம்புக் கம்பிச்சுருள் இருக்கிறது, போனின் முதுகுக்குள் இன்னொன்று. கீழ்ச்சுருளில் மின்னோட்டம் நொடிக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் திசை மாறி ஓடுகிறது. அதனால் எழும் காந்தப்புலம் மேல்சுருளில் மின்சாரத்தைப் பிறப்பிக்கிறது. 1831-இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. இரண்டு சுருளும் நேருக்கு நேர் பொருந்தினால் வேலை ஒழுங்காக நடக்கும். கொஞ்சம் விலகினாலும் போனுக்குப் போகும் மின்சாரம் குறைந்து, வீணாவது கூடுகிறது. வீணாவதெல்லாம் வெப்பம்.

வீட்டு மேசையில் வைத்த போன் விடியும்வரை அசையாது. காரில் அப்படி இல்லை. ஒரு வேகத்தடை, ஒரு திடீர் பிரேக், போன் ஒரு விரற்கடை நகர்ந்துவிடும். தடித்த கவர் போட்டிருந்தால் சுருள்களுக்கு இடையே தூரம் வேறு கூடிவிடுகிறது. சாவி வண்டிக்குள் இருக்கிறதா என்று கார் தேடும்போது, அதற்கு அனுப்பும் ரேடியோ அலைக்கு இடைஞ்சல் வரக்கூடாதென்று சில கார்களில் சார்ஜிங் சற்று நின்றுவிடும். கதவைத் திறந்து மூடினாலே இது நடக்கலாம். கோளாறு என்று நினைத்து சர்வீஸ் சென்டருக்கு ஓடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் சூடு. காரில் போன் சும்மா கிடப்பதில்லை. ஜிபிஎஸ் ஓடுகிறது, பாட்டு ஓடுகிறது, கேபிள் இல்லாத ஆண்ட்ராய்டு ஆட்டோவோ கார்பிளேயோ வைஃபை வழியாகக் காரின் திரையோடு இடைவிடாமல் பேசிக்கொண்டிருக்கிறது. இந்த வேலைகளின் சூட்டோடு சார்ஜிங்கின் சூடும், முன்கண்ணாடி வழியே இறங்கும் வெயிலும் சேர்கின்றன. ஐபோனை 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். கத்திரியில் நம் ஊர் நிழலே 40-ஐத் தொடுகிறது. சூடு மிஞ்சினால் போன் தன்னைக் காத்துக்கொள்ளச் சார்ஜ் ஏறுவதைக் குறைக்கும், நிறுத்தியும் விடும். எனக்கு விக்கிரவாண்டி வரை நடந்தது அதுதான். ஒரு நாள் மெதுவாக ஏறினால் போகட்டும். தினமும் சூட்டில் வேகும் லித்தியம் அயன் பேட்டரியின் ஆயுள் குறைகிறது என்பதுதான் எனக்குக் கவலை. இந்த வகையில் 2020-இல் இந்தியாவில் வந்த கியா சோனெட் சார்ஜரைக் குளிர்விக்கும் ஏற்பாட்டோடு வந்ததை மனதாரப் பாராட்டுகிறேன். நம் வெயிலுக்கு இது எல்லாக் கார்களிலும் இருந்தாக வேண்டிய ஒன்று.

இன்னொரு பொருத்தமின்மையும் உண்டு. கார் பத்து, பதினைந்து வருடம் ஓடும். போன் மூன்று நான்கு வருடத்தில் மாறிவிடும். சீ (Qi) என்னும் பொதுத் தரத்தில் வயர்லெஸ் சார்ஜர் வைத்த முதல் கார் டொயோட்டா அவலானின் 2013 மாடல். ஐபோன் இந்தத் தரத்துக்கு வந்ததே 2017-இல். 2023-இல் வந்த சீ2 காந்தத்தால் போனைச் சரியான இடத்தில் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது, ஆட்டத்துக்கு ஏற்ற தீர்வு அது. ஆனால் அதற்கு முன் வாங்கிய காரின் தட்டில் காந்தம் தானாக முளைக்காது. கேபிள் என்றால் சில நூறு ரூபாயில் மாற்றிக்கொள்ளலாம்.

அதோடு, இருபதாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் பெரும்பாலான போன்களில் அந்த மேல்சுருளே கிடையாது. டாப் மாடல் காரைச் சம்பளத்துக்கு ஓட்டுகிற டிரைவரின் போன் பெரும்பாலும் இந்த வகைதான். நாள் முழுக்க மேப் பார்த்துப் பேட்டரி தீர்கிற அவருக்கு இந்தத் தட்டால் ஒரு பயனும் இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் இது வேண்டாத வசதி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஊருக்குள் பத்து நிமிடம், இருபது நிமிடம் ஓட்டுகிறவர்களுக்குக் கேபிளைத் தேடாமல் வைத்து எடுக்க முடிவது சௌகரியம். போனின் சார்ஜிங் துளையும் தேயாது. அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. இந்தத் தட்டு போனுக்கு ஓர் இடம் கொடுக்கிறது. முன்பு போன் மடியில் கிடக்கும், சட்டைப்பையில் அதிரும், இரண்டு தொடைக்கும் நடுவில் சிக்கியிருக்கும். அழைப்பு வந்தால் கை தானாகப் போகும். இப்போது வண்டியில் ஏறியதும் போனைத் தட்டில் வைப்பது என் மனைவிக்கும் எனக்கும் பழக்கமாகிவிட்டது. திரை கண்ணுக்கு நேராக இல்லை, வழி காரின் திரையில் தெரிகிறது. ஓட்டும்போது போனைக் கையில் பிடித்துப் பேசுவது 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின்படி ஆபத்தான ஓட்டுதலாகவே கருதப்படுகிறது. அபராதத்துக்குப் பயந்து செய்ய வேண்டியதை இந்தத் தட்டு பழக்கமாக்கிவிடுகிறது. சார்ஜராகப் பார்த்தால் சுமார்தான். போனைக் கையிலிருந்து இறக்கி வைக்கும் இடமாகப் பார்த்தால் இதன் மதிப்பு வேறு.

ஆகவே கார் நிறுவனங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: தட்டைக் கொடுங்கள், அதைக் காரணம் காட்டி யூஎஸ்பி-சி துளையைக் குறைக்காதீர்கள். காற்று போக வழி வையுங்கள். சார்ஜிங்கை மட்டும் அணைக்கும் பொத்தானைக் கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள். ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: டோலில் வாங்கிய சில்லறையையும் அலுவலக அடையாள அட்டையையும் அதே தட்டில் போடாதீர்கள். போனுக்கு அடியில் சிக்கும் உலோகம் சூடாகும், அட்டையின் சிப் பழுதாகலாம்.

திருச்சியிலிருந்து திரும்பும்போது போனை அதே தட்டில்தான் வைத்தேன். சார்ஜிங்கை அணைத்துவிட்டுப் பக்கத்துத் துளையிலிருந்து கேபிளை மாட்டினேன். செங்கல்பட்டு வந்தபோது போன் நிறைந்திருந்தது, சூடும் அவ்வளவாக இல்லை. வழியில் ஒரு தடவைகூட அதைக் கையில் எடுக்கவில்லை.