சுண்ணாம்புக்கல் நுரைக்கும்போது

கங்கைகொண்டானிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் வழியில் தாழையூத்து வரும். சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டிய பூமி. அந்தக் கல்லில் நகமளவு துண்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றால், மெல்லிய இரைச்சல் கேட்கும். கல்லின் ஒவ்வொரு சொரசொரப்பிலும் குமிழி முளைக்கும், பருக்கும், பிய்த்துக்கொண்டு மேலேறும். பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

எனக்கு அதைவிடப் பிடித்தது, பிறகு வரும் கணக்கு. கரையும் கல்லையும் குறையும் அமிலத்தையும் அளக்க வேண்டியதே இல்லை. தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்த அளவுஜாடியில் சேரும் வாயுவை, கடிகாரத்தை வைத்துக்கொண்டு பொறுமையாகக் குறித்தால் போதும். (கொஞ்சம் வாயு தண்ணீரிலேயே கரைந்துவிடும், அந்தச் சில்லறைத் திருட்டை மன்னிக்கலாம்.) நெல்லை வெக்கையில் நிமிடத்துக்கு 25 மில்லிலிட்டர் சேர்ந்தால், ஏறக்குறைய 1 மில்லிமோல் கார்பன் டை ஆக்சைடு. அப்படியானால் CaCO₃ + 2HCl → CaCl₂ + H₂O + CO₂ என்ற சமன்பாட்டின்படி அதே நிமிடத்தில் 2 மில்லிமோல் அமிலம் தீர்ந்திருக்கிறது. 100 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் கரைந்திருக்கிறது. ஒன்றின் வேகம் தெரிந்தால் மற்றவை தாமாக வந்து நிற்கின்றன. கல்லைப் பொடித்துப் போட்டால் நுரை பொங்கும், வேகம் எகிறும். சமன்பாட்டில் அமிலத்துக்கு முன்னால் இருக்கும் 2 மட்டும் மாறாது.