எதிர்வெயிலில் லார்ச்

லார்ச் மரத்தின் பொன்னை எதிர்வெயிலில் பார்க்க வேண்டும். வெயில் முதுகில் விழ நின்று பார்த்தால் தெரிவது மஞ்சள். நல்ல மஞ்சள்தான், ஆனால் அதற்காக விடியுமுன் எழுந்து மலையேற வேண்டியதில்லை. அதே மரத்தைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய், கிளைகளுக்குப் பின்னால் சூரியன் வரும்படி நின்று பாருங்கள். ஊசி ஊசியாக ஒளி ஊடுருவ, மரம் முழுவதும் உள்ளிருந்தே எரியத் தொடங்கிவிடும். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் இலையுதிர்கால லார்ச்சைப் பார்க்க ஒவ்வோர் ஆண்டும் கூட்டம் கூட்டமாக மலைக்குப் போகிறார்கள். அவர்களில் பலர் வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டே நடந்து முடித்துவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

நான் சொல்ல வந்தது பொகட்டெரா முகட்டைப் பற்றி. கால்கரி நகரத்துக்குத் தென்மேற்கே, கனனாஸ்கிஸ் மலைப்பகுதியில், 40ஆம் எண் நெடுஞ்சாலைக்குப் பக்கத்திலேயே நீண்டு கிடக்கிறது அது. அந்தச் சாலை ஏறிக் கடக்கும் ஹைவுட் கணவாயின் உயரம் 2,206 மீட்டர். தார்ச்சாலை போட்ட கணவாய்களில் கனடாவிலேயே மிக உயரமானது. டிசம்பர் 1 முதல் ஜூன் 14 வரை கணவாய்ச் சாலையை மூடிவிடுவார்கள். முகட்டுக்குப் பெயர் தந்த ஜார்ஜ் பொகட்டெரா 1882இல் இத்தாலியில் பிறந்தவர். இளைஞராகக் கனடாவுக்கு வந்து, ஹைவுட் ஆற்றோரம் பண்ணை வைத்து, ஸ்டோனி நகோடா பூர்வகுடி மக்களோடு நட்புக்கொண்டு இந்த மலைகளில் அலைந்து திரிந்தவர்.

இங்கே வளர்வது லயல் லார்ச். வட அமெரிக்காவின் வடமேற்கு மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வளர்வதில்லை. 19ஆம் நூற்றாண்டில் அந்த மலைகளுக்கு வந்த டேவிட் லயல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரின் பெயர் இதற்கு நிலைத்துவிட்டது. ஊசியிலை மரம், கூம்புக்காய் காய்க்கும் மரம், ஆனாலும் இலையுதிர்க்கும் மரம். பைனும் ஸ்ப்ரூஸும் ஃபிர்ரும் ஆண்டு முழுவதும் பச்சையைக் கட்டிக்காக்கும்போது, லார்ச் மட்டும் குளிர் வருமுன் எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டு வெறுங்கிளையாக நிற்கும்.

ஒரு சிறுகிளையைக் கண்ணருகே இழுத்துப் பார்த்தால் (ஒடிக்காமல்தான்) இதன் அருமை விளங்கும். கிளை நெடுகக் குட்டிக் குட்டிக் கணுக்கள். ஒவ்வொரு கணுவிலிருந்தும் முப்பது, நாற்பது ஊசிகள் கொத்தாக விரிகின்றன. ஒவ்வோர் ஊசியும் ஓர் அங்குல நீளம். விரலில் உருட்டினால் நான்கு பட்டை இருப்பது தெரியும். ஸ்ப்ரூஸ் ஊசி குத்தும். இது குத்தாது, உள்ளங்கையில் தேய்த்தாலும் மெத்தென்றுதான் இருக்கும். அந்த ஆண்டு விட்ட இளங்குச்சியில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் மெல்லிய ரோமம். தாழ்வான சரிவுகளில் வளரும் மேற்கு லார்ச்சிலிருந்து இதைப் பிரித்தறிய இந்த ரோமமே அடையாளம்.

ஊசி மெல்லியதாக இருப்பதற்கும் பொன்னாவதற்கும் தொடர்பு உண்டு. மண் உறைந்துவிட்டால் வேரால் நீரை உறிஞ்ச முடியாது. ஆனால் மலையுச்சிக் காற்றும் குளிர்கால வெயிலும் இலையிலிருந்து நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். பச்சை இலை வைத்திருக்கும் மரங்கள் இதைத் தாங்கத் தடித்த, மெழுகு பூசிய ஊசிகளைக் கட்ட வேண்டும். அப்படியும் ஓர் உயரத்துக்கு மேல் அவை தோற்றுத் தரையோடு தரையாகப் படர்ந்துவிடுகின்றன. லார்ச் அந்தப் போட்டிக்கே போவதில்லை. ஒரு கோடைக்கு மட்டும் போதுமான மெல்லிய இலையை விடுகிறது; நாள் குறுகத் தொடங்கியதும் அதிலுள்ள பச்சையத்தைச் சிதைத்து, நைட்ரஜன் போன்ற சத்துக்களைக் கிளைக்குள் திருப்பி எடுத்துக்கொள்கிறது. கோடை முழுவதும் பச்சையத்துக்கு அடியில் மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் அப்போது வெளியே தெரிகின்றன. மெல்லிய இலை, பச்சையம் வற்றிய இலை; ஒளி தடையில்லாமல் நுழைந்து மறுபக்கம் வருகிறது. ஸ்ப்ரூஸ் பணிந்து படர்ந்துவிட்ட உயரத்திலும் லார்ச் நிமிர்ந்து நிற்பதற்கும், எதிர்வெயிலில் அது எரிவதற்கும் காரணம் ஒன்றே. ஆயிரம் ஆண்டைத் தாண்டிய மரங்கள்கூட இந்த இனத்தில் உண்டு.

எப்போது போவது? புரட்டாசி பிறந்த முதல் வாரத்திலிருந்து இரண்டு வாரம். ஆங்கிலக் கணக்கில் செப்டம்பர் மூன்றாம் வாரம் தொட்டு அந்த மாத முடிவு வரை. இந்த இடைவெளிக்குள்ளும் நிறம் ஒரே மாதிரி இருப்பதில்லை. முதலில் பச்சை கலந்த எலுமிச்சை மஞ்சள், பிறகு முழு மஞ்சள், அதன்பின் செம்மை கலந்த ஆழ்ந்த பொன், கடைசியில் பழுப்பு. உரைகல்லில் தேய்த்து மாற்றுப் பார்க்கும் ஆசாரியின் கண் இருந்தால் நாளுக்கு நாள் மாறுவதைக் கண்டுகொள்ளலாம். பலரும் முழு மஞ்சள் நாட்களைக் குறிவைக்கிறார்கள். நான் அதற்கு நாலைந்து நாள் பிந்திய செம்பொன்னையே தேர்ந்தெடுப்பேன். ஊசிகள் உதிரத் தொடங்கியிருக்கும். கொத்துகளுக்கிடையே இடைவெளி விழுந்து இன்னும் அதிக ஒளி புகும். ஆபத்து என்னவென்றால், ஒரு ராத்திரி பலத்த காற்று அடித்தால் காலையில் மரம் மொட்டை.

இனி வழி. கணவாயில் காரை நிறுத்தி, அங்கிருந்து முகட்டில் ஏறி, வடக்கு நோக்கி நடந்து, லிட்டில் ஹைவுட் கணவாய் என்னும் வாகன நிறுத்தத்தில் இறங்குவதுதான் வழக்கமான முறை. உயரத்திலேயே தொடங்குவதால் ஏற்றம் குறைவு. நான் தலைகீழாக நடக்கச் சொல்வேன்: வடக்கே கீழிருந்து ஏறித் தெற்கே கணவாயில் முடிக்க வேண்டும். இரண்டு முனையிலும் ஒவ்வொரு கார் வேண்டும் என்பது இரு முறைக்கும் பொது. கூடுதலாக ஏற வேண்டியிருப்பது உண்மை. ஆனால் சூரியன் எங்கே இருக்கிறது என்று யோசியுங்கள். செப்டம்பர் இறுதியில் இந்த ஊரில் உச்சிவேளையிலும் சூரியன் 40 பாகைக்கு மேல் எழாது. நாள் முழுவதும் தென்வானில் தாழ்ந்தே நகரும். கடிகாரத்தில் பிற்பகல் ஒன்றரையை ஒட்டித்தான் அது நேர் தெற்குக்கு வரும். காலை ஒன்பதுக்குத் தொடங்கி மூன்று, நான்கு மணி வரை தெற்கு நோக்கி நடப்பவருக்கு வெயில் முதலில் இடது கன்னத்தில், பிறகு நெற்றியில், பிறகு வலது கன்னத்தில்.

மரமும் இதற்கு ஒத்துழைக்கிறது. லயல் லார்ச்சுக்கு வெயில் காயும் தென்சரிவு பிடிக்காது. ஈரமும் குளிரும் தங்கும் வடக்கு நோக்கிய சரிவுகளையும் பாறைச் சரிவுகளையும்தான் அது நாடும். வடக்கு நோக்கிய சரிவைப் பார்ப்பவர் தெற்கே முகம் திருப்பித்தான் பார்க்க வேண்டும். அப்போது மரம் நடுவில், சூரியன் அதற்குப் பின்னால்.

ஓடையைத் தாண்டி ஏறும் முதல் பகுதி காட்டுக்குள் போகிறது. ஸ்ப்ரூஸ் இருட்டு, மூச்சு வாங்கும் ஏற்றம், வேறு விசேஷமில்லை. இங்கே உரக்கப் பேசிக்கொண்டே போக வேண்டும். இது கிரிஸ்லி கரடிகளின் நாடு. கரடியை விரட்டும் ஸ்ப்ரேயைப் பைக்குள் போடாமல் இடுப்பில் மாட்டிக்கொள்வது நல்லது. மரங்கள் குட்டையாகி, விலகி, திடீரென்று வானம் திறக்கும் இடத்தில் முகடு தொடங்குகிறது.

அதன்பின் நான்கு சிகரங்கள் ஒன்றையடுத்து ஒன்று. இந்தத் திசையில் கடைசியாக வருவதே மிக உயரமானது, ஏறத்தாழ 2,670 மீட்டர். ஏறுவதும் இறங்குவதுமாக முகட்டின் முதுகிலேயே பாதை ஓடுகிறது. மேற்கிலிருந்து அடிக்கும் காற்றுக்குத் தடுப்பே கிடையாது. கையுறையும் காதுமூடும் குல்லாவும் இல்லாமல் வருபவர்கள் இரண்டாம் சிகரத்திலேயே பரிதவிப்பார்கள். கிழக்கே சாலைக்கு அப்பால் 3,218 மீட்டர் உயர மவுண்ட் ரே. அதன் பனிப்பாளம் உருகி ஓடும் நீர்தான் எல்போ ஆற்றின் தலை. கால்கரியில் குழாயைத் திறந்தால் வருவதில் ஒரு பங்கு அங்கிருந்து வருவது.

முகட்டின் மேலிருந்து பார்க்கும்போது தனிமரம் மறைந்து காடு ஒரு வரைபடமாகிறது. கீழே ஸ்ப்ரூஸும் ஃபிர்ரும் கரும்பச்சையாக. அதற்கு மேலே ஒரு பட்டை முழுக்க லார்ச். அதற்கும் மேலே சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறை. பொன்பட்டை எங்கே அகலமாகிறது, எங்கே ஒடுங்குகிறது, எங்கே பாறை இடுக்கு வழியாக ஒற்றை மரங்களாக மேலே ஏறப் பார்க்கிறது என்று தொடர்ந்து போனால் பனி தங்கும் இடமும் பனிச்சரிவு விழும் தடமும் மண் பிடித்த மூலைகளும் ஒவ்வொன்றாகப் புலப்படும். பள்ளத்தாக்கில் நின்று படமெடுத்துத் திரும்புகிறவர்களுக்கு இது கிடைக்காது. ஆகவேதான் லார்ச்சுக்கு முகட்டு நடையே சரியான நடை என்கிறேன்.

கடைசிச் சிகரத்திலிருந்து இறங்கும் சரிவு செங்குத்து, காலுக்கடியில் சல்லி உருளும். ஊன்றுகோல் இரண்டையும் நீட்டிக்கொண்டு நிதானமாக இறங்க வேண்டும். இறங்கினால், மூன்று பக்கமும் மலை வளைத்த பள்ளம் ஒன்று, அதன் வாயிலில் ஒரு சின்னக் குளம், சுற்றிலும் லார்ச். தெற்கே மவுண்ட் டிர்விட். இங்கே ஒரு மணி நேரமாவது உட்கார வேண்டும். உதிர்ந்த ஊசிகள் தண்ணீரில் மிதந்து, காற்று தள்ளும் கரையோரமாகத் தடித்த மஞ்சள் விளிம்பாகச் சேர்ந்திருக்கும். பெரிய மரங்களின் காலடியில் லார்ச் கன்றுகளைத் தேடுங்கள். தாய்மரம் மொட்டையாகும்போதும் கன்றுகள் சில ஊசிகளைக் குளிர்காலம் முழுவதும் பச்சையாகவே வைத்துக்கொள்ளும்; பனிக்குள் புதைந்து கிடப்பதால் காற்று அவற்றைத் தீண்டாது. மிக மெதுவாக வளரும் மரம் என்பதால், முழங்கால் உயரக் கன்றுக்கும் நிறைய வயதிருக்கும். பாதையை விட்டு விலகி மிதிக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான். பிற்பகல் முதிரும்போது மேற்குச் சுவரின் நிழல் பள்ளத்துக்குள் வந்துவிடும். நான்கு மணிக்கு முன் இங்கே வந்து சேரும்படி நேரத்தைத் திட்டமிட வேண்டும்.

அங்கிருந்து கணவாய் வரை ஈரப் புல்வெளியும் சேறுமாக எளிய நடை. முழு வழியும் ஏறத்தாழ 12 கிலோமீட்டர். பார்த்துப் பார்த்து நடந்தால் ஒரு பகல் போய்விடும்.

முழங்கால் வலி உள்ளவர்களும் சிறு பிள்ளைகளோடு வருபவர்களும் மனம் தளர வேண்டாம். கணவாயில் சாலைக்கு எதிர்ப்புறம் டார்மிகன் பள்ளத்துக்கு ஒரு வட்டப் பாதை ஏறுகிறது. ஐந்து கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும், ஏற்றமும் கொஞ்சம்தான், லார்ச்சும் உண்டு. அங்கே போகிறவர்களும் ஒரு காரியம் செய்யட்டும்: மரத்தடிக்குப் போனதும் கேமராவை எடுக்குமுன் பாதையிலேயே முன்னும் பின்னும் நடந்து பார்த்து, சூரியன் மரத்துக்குப் பின்னால் வரும் இடத்தைக் கண்டுபிடித்து நிற்கட்டும்.