மலிந்த கனியும் உச்சிக் கனியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயர்லாந்தில் வெளியான ஆங்கிலச் செய்தித்தாள்களைப் புரட்டுகிறவர் கண்ணில் ஒரு கனி அடிக்கடி படும். ஆனால் அத்தாள்களில் அதை யாரேனும் உண்பதாகக் காண்பது அரிது. பிளாக்பெர்ரி என்னும் அக்கனி அங்கே பெரும்பாலும் உவமையாகவே வருகிறது. வாக்குறுதிகளோ, வழக்குகளோ, பதவி நாடுவோரோ, எது அளவுக்கு மீறிப் பெருகினாலும், 'பிளாக்பெர்ரி போல மலிந்துவிட்டது' என்று எழுதுவது அக்காலத்து எழுதுகோல்களின் வழக்கம். மழைக்காலத்து ஈசலைக் கொண்டு நாம் சொல்வதை அவர்கள் இக்கனியைக் கொண்டு சொன்னார்கள்.

கனியைப் பற்றி இரண்டு சொல். வயல்களுக்கு இடையே வேலியாக நிற்கும் முட்கொடியில் அது காய்க்கிறது. சிறு மணிகள் பல ஒன்றுசேர்ந்த உருண்டை. முதலில் பச்சை, பின்பு சிவப்பு, ஆகஸ்டு இறுதி முதல் அக்டோபர் வரை கருநிறம். யாரும் நட்டு வளர்ப்பதில்லை. ஆகவே நிலமற்றவனும் பறிக்கலாம். கையில் முள் கீறும், விரலில் சாறு கறைபடும். விலை அவ்வளவுதான்.

உவமை அயர்லாந்தில் பிறந்ததன்று. ஷேக்ஸ்பியரின் 'நான்காம் ஹென்றி' நாடகத்தின் முதற்பகுதியில் ஃபால்ஸ்டாஃப் என்னும் வாய்ச்சொல் வீரன், காரணம் கேட்டவர்களைத் தட்டிக்கழிக்க இக்கனியைத்தான் துணைக்கு இழுக்கிறான். ஆங்கில மொழியோடு அது கடல் கடந்து வந்தது. 1763இல் தொடங்கிய 'ஃப்ரீமன்ஸ் ஜர்னல்', 1841இல் தொடங்கிய 'கார்க் எக்ஸாமினர்', 1842இல் தொடங்கிய 'தி நேஷன்' ஆகிய யாவும் அயர்லாந்தின் உரிமைக்காகப் பேசியவை. ஆயினும் பேசிய மொழி ஆங்கிலமே. 1841ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் பாதிப்பேருக்கும் அதிகமானோர் எழுதப் படிக்க அறியாதவர்கள். ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்பதே அன்றைய பத்திரிகை வாசிப்பு. இப்படிக் கேட்ட செவிகளின் வழியே உவமை சந்தைப் பேச்சிலும் கலந்தது.

ஆனால் ஐரிய மொழி பேசிய மக்கள் அதே கனியைக் கொண்டு வேறொன்றைச் சொன்னார்கள். அம்மொழியில் அதன் பெயர் 'ஸ்மேர்'. கொடியின் உச்சியில் பழுத்திருக்கும் கனிக்கு 'ஸ்மேர் வுல்லீ' என்பது பெயர். ஆகச் சிறந்ததை, எல்லாவற்றிலும் மேலானதைக் குறிக்க அச்சொற்றொடரைத்தான் ஆண்டார்கள். ஒரே கனி, இரண்டு மரபுத்தொடர்கள். ஒன்று குவியலைப் பார்த்து முகம் சுளிக்கிறது. மற்றது ஒற்றைக் கனியை அண்ணாந்து பார்க்கிறது. முதலாவதைச் சொல்ல வேலிப்பக்கம் போகவே வேண்டியதில்லை. இரண்டாவதைச் சொன்னவன் நுனிக்காலில் நின்று, கொம்பை வளைத்துப் பார்த்தவன். அடிக்கிளைகளைச் சிறுவர்கள் முன்னமே காலிசெய்துவிட, வெயில் நன்றாகப் பட்ட உச்சிக் கனி மட்டும் எட்டாமல் நிற்பதைக் கண்டவன்.

இங்கே ஓர் இடைச்செருகல். முட்புதரில் திராட்சை பறிப்பார் இல்லை என்று லூக்கா நற்செய்தி ஆறாம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் கூறுகிறார். தூய எரோணிமுவின் பெயரோடு வழங்கும் இலத்தீன் விவிலியத்தில் அம்முட்புதருக்கு 'ரூபுஸ்' என்பது சொல். விடுதலைப் பயணம் மூன்றாம் அதிகாரத்தில் எரிந்தும் கருகாத புதருக்கும் அதே சொல்தான். பிளாக்பெர்ரிக் கொடியின் பேரினத்துக்குத் தாவரவியலார் இட்ட பெயரும் ரூபுஸ். குருமடத்தில் இலத்தீன் படித்த அயர்லாந்துக் குரு வேலியோரம் நடந்துபோகையில் இதை நினைத்திருந்தால் வியப்பில்லை. நற்செய்தி வரியைக் கேட்ட சிறுவனோ, திராட்சை கிடைக்காவிட்டால் என்ன, வேறொன்று கிடைக்கிறதே என்று எண்ணியிருப்பான்.

இனி 1846ஆம் ஆண்டுக்கு வருவோம். கப்புச்சின் துறவியும் மதுவிலக்கு இயக்கத்தின் தலைவருமான தியோபால்டு மேத்யூ அடிகள், ஜூலை 27 அன்று கார்க்கிலிருந்து டப்ளினுக்குச் செல்கையில், உருளைக்கிழங்கு வயல்கள் பூத்துச் செழித்திருக்கக் கண்டார். ஆகஸ்டு 3 அன்று திரும்பி வருகையில் அவ்வயல்கள் அழுகிக் கிடந்தன. இதை அவரே அரசு அலுவலர் ட்ரெவெல்யனுக்குக் கடிதமாக எழுதினார். நோய் தாக்கியது கிழங்குச் செடியைத்தான்; வேலிக் கொடிகளுக்கு ஒன்றும் நேரவில்லை. அழுகிய வயலைச் சுற்றி அக்கனி வழக்கம்போலவே பழுத்தது. காஞ்சொறி, காட்டுக் கடுகு, கடற்பாசி ஆகியவற்றோடு இக்கனியும் பசித்தவர்களின் உணவாயிற்று. செய்தித்தாளில் மலிவுக்கு உவமையாக இருந்தது, வேலியோரத்தில் அன்றைய உணவாக இருந்தது. 1841இல் 81 இலட்சத்துக்கும் மேற்பட்டிருந்த மக்கள்தொகை 1851இல் 65 இலட்சமாகக் குறைந்தது. ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர். மேலும் 10 இலட்சம் பேர் கப்பலேறினர்.

பத்திரிகைகள்மேல் நான் பழி சுமத்தவில்லை. பட்டினியால் இறந்தவர்களைப் பற்றிய மரண விசாரணைகளை, ஆளின் பெயரோடும் ஊரின் பெயரோடும் முதலில் அச்சேற்றியவை அவையே. நடுவர் குழு கூடி, 'பட்டினியால் மரணம்' என்று தீர்ப்பளித்ததை அவை மறைக்கவில்லை. ஒற்றை மனிதனை ஒற்றையாகவே பார்த்த எழுத்து அது. ஆனால் 1847இல் சாவுகள் பெருகப் பெருக, பல இடங்களில் விசாரணை நடத்துவதையே கைவிட்டார்கள். பெயர்கள் நின்று, தொகைகள் வந்தன. மலிந்துவிட்டது என்ற ஒரு சொல் என்ன செய்ய வல்லது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த இலக்கணமும் எனக்குக் கற்பிக்கவில்லை.

இதை நான் கற்றது நூலில் மட்டுமன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். 2021ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது ஓர் அடக்கத் திருப்பலியில், "சாவு மலிந்துவிட்ட காலம் இது" என்று மறையுரையைத் தொடங்கினேன். வாக்கியம் எனக்கே பிடித்திருந்தது. கல்லறையிலிருந்து திரும்பும் வழியில் இறந்தவரின் தாய் என்னிடம், "சாமி, மலிஞ்சு போச்சுன்னு சொன்னீங்க. எனக்கு அவன் ஒருத்தன்தான் சாமி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பிளாக்பெர்ரி உவமையை எழுதியவர்களிடம் நான் குற்றம் காண்கிறேன் என்றால், அவர்களுள் என்னையும் சேர்த்தே காண்கிறேன்.

செத்துப்போன உவமையின்மேல் இத்தனை பாரம் ஏற்றலாமா, எழுதியவர் கனியை நினைத்தா எழுதினார் என்று வாசகர் கேட்கலாம். அவர் கனியை நினைக்கவில்லை என்பதே என் குறை. உச்சிக் கனித் தொடரும் குற்றமற்றதன்று. மேலே நிற்பதை மெச்சுகிறவன் கீழே நிற்பவற்றைக் கூடையில் கொட்டிவிட்டு மறந்துவிடுகிறான். எனினும் கொட்டுவதற்கு முன் அவன் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டிருக்கிறான்.

பேச்சு வழக்கில் இக்கனிக்கு ஒரு தடையும் இருந்தது. தூய மிக்கேல் விண்ணிலிருந்து தள்ளிய சாத்தான் முட்கொடியின்மேல் விழுந்தான். ஆகவே அவரது திருநாளாகிய செப்டம்பர் 29க்குப் பிறகு அதன் கனியை உண்ணலாகாது என்பார்கள் சிலர். அயர்லாந்தில் பெரிதும் வழங்கிய கதை வேறு: புனிதர் அனைவர் பெருவிழாவுக்கு முந்தின இரவில் பூக்கா என்னும் பேய் கனிகள்மேல் துப்பிவிடும். மறையியல் இதற்குத் தேவையில்லை. பின்பருவ ஈரத்தில் கனிமேல் பூஞ்சை பிடிக்கும். பிள்ளைகளைத் தடுக்கப் பேயின் எச்சில் போதுமானதாயிருந்தது. ஆனால் 1846 நவம்பரில்? கடைசிக் கனிகள் பூஞ்சை பூத்துத் தொங்கிய வேலியின் முன் நின்ற தாய் பிள்ளைகளிடம் என்ன சொல்லியிருப்பாள்? அந்த வாரத்தில் அவளுக்குப் பூக்கா ஒரு பொருட்டாக இருந்திருக்குமா? எந்தத் தலையங்கமும் அவளைக் கேட்கவில்லை.

கேட்டவர்கள் பிற்காலத்தில் வந்தார்கள். 1935இல் அமைந்த அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணையம், 1937 முதல் ஏறத்தாழ 5,000 பள்ளிகளின் பிள்ளைகளைக் கொண்டு ஊர் முதியோரிடம் கதை கேட்டு எழுதச் செய்தது. 1945இல் பஞ்சத்தைப் பற்றியே ஒரு வினாநிரல் அனுப்பியது. எழுதிய பிள்ளைகளின் குறிப்பேடுகளில் நடை இல்லை, உவமை இல்லை. பஞ்ச காலத்தில் என்ன தின்றார்கள், யார் வீட்டில் தின்றார்கள், எந்த வயலின் வேலியில் பறித்தார்கள் என்பதே இருக்கிறது. பாட்டி சொன்னதைப் பேத்தி மையில் எழுதியிருக்கிறாள், அடித்துத் திருத்தி, கோடு தாண்டி.