எந்தக் குற்றம் கணக்கில் ஏறுகிறது?

வெள்ளைக்காலர் குற்றவாளிக்குச் சின்னத் தண்டனை, தெருத்திருடனுக்குப் பெரிய தண்டனை என்று அலுத்துக்கொள்ளாதவர்கள் குறைவு. ஆனால் இந்தப் புகாரை வருடக் கணக்கை மட்டும் வைத்துச் சொன்னால் எளிதாக மடக்கிவிடலாம். 'என்ரான் வழக்கில் ஸ்கில்லிங்குக்கு 24 ஆண்டு கொடுத்தார்களே, மேடாஃபுக்கு 150 ஆண்டு கொடுத்தார்களே' என்பார்கள். உண்மைதான் (ஸ்கில்லிங்கின் தண்டனை பிறகு 14 ஆண்டாகக் குறைந்தது வேறு கதை). ஓரவஞ்சனை இருப்பது அதற்கும் முந்தைய ஒரு படியில் என்று நினைக்கிறேன்: யாருடைய பழைய குற்றம் கணக்கில் ஏறுகிறது?

1995 நவம்பரில் கலிஃபோர்னியாவில் ஒருவர் இரண்டு கடைகளில் ஒன்பது வீடியோ கேசட்டுகளைத் திருடினார். மொத்த மதிப்பு 153 டாலர் சொச்சம். ஹெராயினுக்கு அடிமையானவர். யாரையும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. ஆனால் முன்பு வீடு புகுந்து திருடியதற்காகத் தண்டனை பெற்றிருந்தார். 'த்ரீ ஸ்ட்ரைக்ஸ்' சட்டம் அந்தப் பழைய கணக்கை எடுத்தது. ஒவ்வொரு திருட்டுக்கும் 25 ஆண்டு முதல் ஆயுள் வரை, அதுவும் ஒன்றன்பின் ஒன்றாக. ஆக, 50 ஆண்டு கழிந்த பிறகுதான் பரோல் பேச்சே. 2003-இல் லாக்யர் எதிர் ஆன்ட்ரேட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், தலையிட மறுத்தது.

இப்போது எச்.எஸ்.பி.சி. வங்கி. மெக்சிகோ, கொலம்பியா போதைக் கும்பல்களின் பணம் குறைந்தது 88 கோடி டாலர் அதன் வழியாக வெள்ளையானது. 2012-இல் சுமார் 190 கோடி டாலர் கட்டி, வழக்கை ஐந்தாண்டு ஒத்திவைக்கும் ஒப்பந்தம் போட்டது. 2017-இல் வழக்கு கைவிடப்பட்டது. இதற்காக எந்த அதிகாரியும் சிறைக்குப் போகவில்லை. இத்தனைக்கும் பணச்சலவைத் தடுப்பில் இருந்த ஓட்டைகளுக்காக 2003-லேயே கட்டுப்பாட்டு அமைப்புகள் அந்த வங்கியிடம் எழுதி வாங்கியிருந்தன.

சூட்சுமம் இங்கேதான். தீர்ப்பு இருந்தால்தான் 'முன்குற்றம்'. ஒப்பந்தத்தில் தீர்ப்பு கிடையாது. அதனால் எத்தனை முறை பிடிபட்டாலும் வங்கிக்கு அது முதல் தடவைதான்! எட்வின் சதர்லண்ட் 1949-லேயே இதைக் காட்டினார். 70 பெரிய நிறுவனங்களுக்கு எதிரான 980 முடிவுகளை எண்ணினார்; குற்றவியல் நீதிமன்றங்கள் கொடுத்தவை 158 மட்டுமே. மீதி எல்லாம் குற்றம் என்ற பெயரே இல்லாமல் போனவை. அந்தப் புத்தகத்திலேயே நிறுவனங்களின் பெயர்களைப் பதிப்பகம் நீக்கவைத்தது. 1983-இல்தான் அவை அச்சேறின.

சரி, வங்கி விழுந்தால் ஊழியர்கள் என்ன ஆவார்கள் என்ற வாதம் இருக்கிறது. அதைச் சும்மா தள்ளிவிட முடியாது. ஆர்தர் ஆண்டர்சன் நிறுவனம் 2002-இல் தண்டிக்கப்பட்டு நொறுங்கியது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். 2005-இல் அந்தத் தீர்ப்பே ரத்தானது. ஆனால் கேசட் திருடியவரின் வீட்டில் யார் என்ன ஆவார்கள் என்று அந்தச் சட்டம் கேட்கவில்லையே? பின்விளைவைப் பற்றிய கரிசனம் ஒருவருக்கு உண்டு, இன்னொருவருக்கு இல்லை என்றால் அதைக் கருணை என்று எப்படிச் சொல்வது?

2012-இல் கலிஃபோர்னிய மக்கள் வாக்களித்து, மூன்றாவது குற்றம் பெரும்பாலும் கடுமையானதாகவோ வன்முறையானதாகவோ இருந்தால்தான் ஆயுள் என்று திருத்தினார்கள். அது பாதி வேலை. வங்கிகளின் ஒத்திவைப்பு ஒப்பந்தங்களையும் முன்குற்றமாக எண்ணுவது மறுபாதி. வெள்ளைக்காலர்களுக்கு இன்னும் அதிக வருடம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கணக்குப் புத்தகம் ஒன்றாக இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.