பாரோஸும் அம்மாவின் பழைய போனும்

2023 ஜனவரியில் சென்னை ஐஐடியிலிருந்து ‘பாரோஸ்’ வந்தபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். ஐஐடியின் அரவணைப்பில் வளர்ந்த ஜேஅண்ட்கே ஆபரேஷன்ஸ் என்ற சிறு நிறுவனம் செய்தது. மத்திய அமைச்சர்கள் இரண்டு பேர் அந்தப் போனைக் கையில் வைத்துச் சோதித்துப் பார்த்த செய்தி எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு நான் தேடியது ஒன்றைத்தான்: இதை எங்கே டவுன்லோடு செய்வது? எங்கும் இல்லை. பாதுகாப்பு அதிகம் தேவைப்படும் நிறுவனங்களுக்கு மட்டும் தருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

சரி, அது அவர்கள் விருப்பம். ஆனால் ‘சுதந்திரம்’, ‘நம்பகம்’ என்றெல்லாம் சொன்னார்களே, அந்தச் சொற்களை உரசிப் பார்க்க எனக்கு ஒரு வாய்ப்பு வந்தது. அம்மாவின் போன்.

போனில் குறை ஒன்றும் இல்லை. பேட்டரி உப்பியிருந்தது, செக்காலை ரோட்டில் மாற்றினோம் (செக்ரி இருக்கிற ஊரில் பேட்டரிக்கா பஞ்சம்!). ஆனால் தயாரித்த கம்பெனி 2021-க்குப் பிறகு பாதுகாப்பு அப்டேட் எதுவும் தரவில்லை. அதனால் லீனியேஜ்ஓஎஸ் போடலாம் என்று முடிவு செய்தேன். 2016 டிசம்பரில் சயனோஜென்மாட் மூடப்பட்டபோது தன்னார்வலர்கள் எடுத்துத் தொடர்ந்த திட்டம் அது. பாரோஸுக்கும் இதற்கும் அடித்தளம் ஒன்றுதான், ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரல். முன்கூட்டியே திணித்த செயலிகள் இல்லை என்பதைப் பாரோஸின் பெருமையாகச் சொன்னார்கள். லீனியேஜும் கூகுள் செயலிகள் இல்லாமல்தான் வருகிறது.

முதல் நாள் சாயங்காலம் முழுக்கக் கம்ப்யூட்டர் ‘வெயிட்டிங் ஃபார் எனி டிவைஸ்’ என்றே காட்டிக்கொண்டிருந்தது. போன் சார்ஜ் ஆகிறது, அப்போ கேபிள் நல்லாத்தானே இருக்கு என்று நினைத்தேன். அங்கேதான் ஏமாந்தேன். மலிவான சில கேபிள்களில் மின்சாரத்துக்கான கம்பி மட்டும்தான் இருக்கும், தகவல் போகிற கம்பியே இருக்காது. வேறு கேபிள் போட்டதும் போன் தெரிந்தது. ஆனால் ஃபாஸ்ட்பூட் நிலைக்குப் போனதும் மறுபடி காணோம். அந்த நிலையில் விண்டோஸ் அதை வேறொரு கருவியாகப் பார்க்கிறது, அதற்குத் தனி டிரைவர் வேண்டும்.

பிறகு பூட்லோடர். போன் எந்த மென்பொருளை ஏற்றி எழும்ப வேண்டும் என்று முடிவு செய்கிற காவல்காரன். அதைத் திறக்கக் கம்பெனியிடம் விண்ணப்பித்து ஒரு வாரம் காத்திருந்தேன். திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் படங்களை முதலிலேயே எடுத்து வைத்துவிட்டேன். கடைசிக் கட்டத்தில் கோப்பை அனுப்பும்போது 47 சதவீதத்தில் நின்று, ‘ஃபெயில்டு டு ரீட் கமாண்ட்: சக்சஸ்’ என்றது. தோற்றது, ஜெயித்தது, இரண்டும் ஒரே வரியில்! பயந்துபோய் வயரைப் பிடுங்க இருந்தேன். நல்லவேளை, வழிகாட்டியை இன்னொரு தடவை படித்தேன். இப்படி வந்தாலும் வேலை முடிந்திருக்கும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. முடிந்துதான் இருந்தது.

புது ஆண்ட்ராய்டு, புது பாதுகாப்பு அப்டேட், போன் பறந்தது. இரண்டு நாள் கழித்து அம்மா கேட்டார்: “தம்பி, பேங்க் தொறக்க மாட்டேங்குதே. முன்னாடி நல்லாத்தானே இருந்துச்சு?”

ஒன்றாம் தேதி குடும்ப பென்ஷன் வந்துவிட்டதா என்று அவர் பார்ப்பது அந்தச் செயலியில்தான். அதற்காகத்தான் போனே.

இதற்கு முன் வந்த சிக்கல்களுக்கெல்லாம் என்னிடம் பதில் இருந்தது. இதற்கு இல்லை. வங்கிச் செயலி கூகுளின் ‘பிளே இன்டெக்ரிட்டி’யிடம் கேட்கிறது. அது பார்ப்பது முக்கியமாக இரண்டு: பூட்லோடர் பூட்டியிருக்கிறதா, மென்பொருள் கூகுள் சான்று பெற்றதா. பூட்டு திறந்த போன் கையில் கிடைத்தால் எவனும் உள்ளே மாற்றம் செய்யலாம், எனவே வங்கியின் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விளைவைப் பாருங்கள். 2021-இல் அப்டேட் நின்ற, ஓட்டைகள் ஊரறிந்த மென்பொருள் வங்கிக்கு நம்பகமானது. போன மாதம் ஓட்டை அடைத்தது நம்பகமில்லாதது.

தொழில்நுட்பத்தில் வழி இருக்கிறது. பிக்சல் போன்களில் கிராஃபீன்ஓஎஸ் போட்டால் அதன் சொந்தச் சாவியாலேயே பூட்லோடரை மறுபடி பூட்டலாம். அந்தச் சாவியை ஏற்றுக்கொள்ளும்படி ஒரு வங்கிச் செயலியை எழுதவும் முடியும். வங்கி மனசு வைக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் ஊர்ப் பெரிய வீடுகளில் பங்காளிகள் எல்லாரும் சம்மதித்தால்தான் கூரையில் கை வைக்க முடியும். போனுக்கும் பங்காளிகள் உண்டு: தயாரித்தவர், கூகுள், வங்கி. காசு கொடுத்து வாங்கியவர் கடைசிப் பங்காளி.

பாரோஸ் மேல் என் வருத்தம் இதுதான். மூலநிரல் நமக்கு ஏற்கெனவே கையில் இருந்தது. பூட்டு இருந்த இடம் வேறு. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஆண்ட்ராய்டை மாற்றி எழுதிய வடிவங்களோடு போன் விற்கக் கூடாது என்று தயாரிப்பாளர்களைக் கட்டிப்போட்ட ஒப்பந்தங்களும் அந்த வழக்கில் அடக்கம். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது, கூகுள் இந்தியாவில் தன் விதிகளை மாற்றுவதாக அறிவித்தது. பாரோஸ் அறிமுகமும் அதே நாட்களில்தான். நாம் எல்லாரும் அமைச்சர் கையில் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தோம், நானும்தான். அப்டேட்டை நிறுத்திய கம்பெனி பூட்லோடரைத் தடையில்லாமல் திறந்து கொடுக்க வேண்டும் என்றோ, அரசு வங்கிகளாவது மாற்று மென்பொருளின் சாவிகளை ஏற்க வேண்டும் என்றோ அப்போது கேட்டிருக்கலாம். ஐஐடி கேட்டிருந்தால் காது கொடுத்திருப்பார்கள். உள்நாட்டு மென்பொருளுக்கே முதல் வாடிக்கையாளராக ஒரு அரசு வங்கி வந்திருக்கலாமே?

அம்மாவின் போனில் பழைய மென்பொருளையே திரும்ப ஏற்றி, பூட்லோடரைப் பூட்டினேன். வங்கி உடனே திறந்தது. செட்டிங்ஸில் பாதுகாப்பு அப்டேட் தேதி 2021 என்று காட்டுகிறது. அதில் பென்ஷன் பார்ப்பதைத் தவிர வேறெதுவும் செய்ய வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் கேட்கவில்லை, யூடியூப் பார்க்கிறார்.